மீசோதீலியோமா வழக்கு: எங்கிருந்து தொடங்குவது, எதை முதலில் செய்வது

மீசோதீலியோமா, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசால் வரும் புற்றுநோய், என்று டாக்டர் சொல்லிவிட்ட அன்றைக்கு வீட்டில் யாருக்கும் வழக்கு நினைப்பு வராது. வர வேண்டியதும் இல்லை. அழுங்கள், இரண்டு நாள் தூக்கம் வராமல் கிடங்கள், அப்புறம் கடைக்குப் போய் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் வழக்கு பெரும்பாலும் நோயாளியின் ஞாபகத்தை நம்பித்தான் நிற்கிறது. நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன்னால் எந்தத் தூசு எந்த மூட்டையிலிருந்து வந்தது என்பது அவருக்கும் அவரோடு வேலை பார்த்த இரண்டு மூன்று பேருக்கும் மட்டுமே தெரியும்; அந்த ஆலையை இடித்திருப்பார்கள், அந்தக் கம்பெனி வேறு பெயரில் இருக்கும் அல்லது இல்லாமலே போயிருக்கும். அவர் தெம்பாகப் பேசுகிற வாரங்கள் எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் நோட்டு முதலில்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: இங்கே எழுதியிருப்பது அமெரிக்கச் சட்டத்தைப் பற்றி, அதிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இதைப் படித்துவிட்டு வக்கீலைப் பார்க்கப் போனால் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார், பூமியிலிருந்து வெட்டி எடுக்கிற நார் மாதிரியான கனிமம். எரியாது, சூட்டைத் தாங்கும், விலையும் குறைவு. அதனால் கப்பலின் நீராவிக் குழாய் உறை, பாய்லர், பிரேக் லைனிங், கேஸ்கெட், சுவர் இணைப்புப் பூச்சு, தரை டைல், கூரை என்று கைக்கு எட்டிய இடத்தில் எல்லாம் போட்டார்கள். அறுக்கும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்த்துணுக்குகள் பறக்கும். மூச்சோடு உள்ளே போனதில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடும். பொதுவாக 20 முதல் 50 வருடம் கழித்து, நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்விலோ வயிற்றை உள்ளே சுற்றியிருக்கும் சவ்விலோ புற்றுநோயாக வெளியே வரும். அமெரிக்காவில் வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 பேருக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது.

"அவர் நிறைய சிகரெட் பிடிப்பாரே, வழக்கு நிற்குமா?" என்று பல வீடுகளில் பயப்படுகிறார்கள். சிகரெட்டால் மீசோதீலியோமா வராது. ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோய் வழக்கில்தான் சிகரெட் பெரிய சண்டையாகும், அது வேறு நோய், வேறு கணக்கு. ஆகவே அந்த விஷயத்தை யாரிடமும் மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் தெரியவந்தால் அவர் சொன்ன மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

முதல் காகிதம்: பேத்தாலஜி ரிப்போர்ட்

வக்கீல் முதலில் கேட்பது இந்தத் திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டைத்தான். ஸ்கேனில் நீர் கோத்திருக்கிறது, சவ்வு தடித்திருக்கிறது என்பது மட்டும் போதாது. பயாப்ஸி எடுத்து, அந்தத் திசுவுக்குச் சாயப் பரிசோதனைகள் செய்து, இது நுரையீரலில் வரும் அடினோகார்சினோமா என்ற வேறு புற்றுநோய் இல்லை, மீசோதீலியோமாதான் என்று பேத்தாலஜிஸ்ட் எழுதியிருக்க வேண்டும். கால்ரெட்டினின், டபிள்யூ.டி-1 என்ற பெயர்கள் ரிப்போர்ட்டில் இருக்கும், அவை இந்தப் பரிசோதனையின் பகுதி. எபிதீலியாய்டு, சார்கோமட்டாய்டு, இரண்டும் கலந்தது என்று வகையும் எழுதியிருப்பார்கள்.

நெஞ்சிலிருந்து எடுத்த நீரை மட்டும் வைத்து முடிவு சொல்லியிருந்தால், திசு எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிகிச்சைக்கும் அது உதவும், எதிர்த்தரப்பு "இது அந்த நோயே இல்லை" என்று வாதாடும்போதும் அது உதவும். திசுவை மெழுகுக் கட்டிக்குள் பதித்து ஆஸ்பத்திரி வைத்திருக்கும். அதை அழித்துவிட வேண்டாம் என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். ரிப்போர்ட், ஸ்கேன் சி.டி., ஆபரேஷன் குறிப்பு எல்லாவற்றிலும் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் தப்பு: பயாப்ஸி நடக்காமலே அவர் இறந்துவிட்டால், அடக்கமோ தகனமோ செய்வதற்கு முன்னால் பிரேதப் பரிசோதனை பற்றி முடிவெடுக்க வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் யோசிக்கத் தெம்பு இருக்காது. முன்பே பேசி வைப்பது நல்லது.

நோட்டில் என்ன எழுதுவது

கிளாரன்ஸ் போரெல் என்பவரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வழக்குகள் எல்லாம் அவர் போட்ட பாதையில்தான் போகின்றன. டெக்சாஸில் குழாய்களுக்கு உறை போடும் தொழிலாளி, 1936-இல் வேலையைத் தொடங்கியவர். 1969-இல் பதினொரு தயாரிப்பாளர்கள் மீது வழக்குப் போட்டார். சாட்சியத்தில் அவர் தூசைப் பற்றிச் சொன்னது நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகி இருக்கிறது: சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கை நிறையத் தூசு வரும், தொண்டைக்குள் இறங்காமல் இருக்க மூக்குத் துளையில் மென்தோலேட்டம் தைலம் தடவிக்கொள்வேன், துணியில் ஒட்டியது காற்றுக் குழாய் வைத்து ஊதினால்தான் போகும். மருத்துவ வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் படிக்கிற யாருக்கும் அந்த ஷெட் கண் முன்னால் வந்து நிற்கும்.

உங்கள் நோட்டிலும் இந்த மாதிரி விஷயங்கள்தான் வர வேண்டும். "ஆஸ்பெஸ்டாஸோடு வேலை செய்தீர்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள், அவர்களுக்கு அது வெறும் "சிமெண்ட்", வெறும் "பவுடர்", வெறும் "மட்". அதனால் சுற்றி வளைத்துக் கேளுங்கள். காலையில் எந்த வாசல் வழியாக உள்ளே போவீர்கள்? மூட்டையை யார் பிரிப்பார்கள், கத்தியாலா கையாலா? தண்ணீர் ஊற்றிக் குழைத்தீர்களா? அந்த அட்டைப்பெட்டி என்ன நிறம், மேலே என்ன எழுத்து? பக்கத்தில் வேறு யார் என்ன வேலை செய்தார்கள்? சாயங்காலம் தரையை யார் பெருக்கினார்கள்? பிரேக் டிரம்மைத் திறந்ததும் காற்று வைத்து ஊதுவீர்களா?

ஒரே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதை மீறாதீர்கள்: கம்பெனிப் பெயரை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். இணையத்தில் பட்டியல் பார்த்துவிட்டு "அப்பா, இது ஞாபகம் இருக்கா, அது ஞாபகம் இருக்கா" என்று கேட்டால் அன்பான மனுஷன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் "இந்தப் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கும்போது அவருடைய உண்மையான ஞாபகத்துக்கும் மதிப்பு போய்விடும். அவர் வாயிலிருந்து வந்ததை மட்டும் எழுதுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். முதல் பக்கத்தில் "வக்கீலுக்காக எழுதியது" என்று குறித்துவிடுங்கள். சமூக வலைத்தளத்தில் இதில் ஒரு வரியும் போட வேண்டாம், வீடியோ எடுப்பதா வேண்டாமா என்பதை வக்கீல் சொல்லட்டும்.

வருடம் ரொம்ப முக்கியம். கேய்லோ என்று ஒரு குழாய் உறை இருந்தது. அதை 1958 வரை ஓவன்ஸ்-இல்லினாய் தயாரித்தது, அதன் பிறகு ஓவன்ஸ் கார்னிங் கைக்குப் போனது. பெட்டியில் ஒரே பெயர்தான், ஆனால் பொறுப்பு வருடத்தைப் பொறுத்து வேறு கம்பெனிக்குப் போகிறது. வருடம் அவருக்குச் சரியாக நினைவில்லையா? சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எஸ்.எஸ்.ஏ-7050 என்ற படிவம் அனுப்பினால், எந்த முதலாளியிடம் எந்த வருடம் எவ்வளவு சம்பளம் வாங்கினார் என்ற முழு விவரம் கட்டணத்துக்குக் கிடைக்கும். ராணுவத்தில் இருந்தவர் என்றால், சேவை முடிந்ததும் கொடுக்கும் டி.டி-214 சான்றிதழ். யூனியனில் இருந்தவர் என்றால் யூனியன் அலுவலகத்தில் எந்தெந்த இடத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள் என்ற பதிவு இருக்க வாய்ப்பு உண்டு. பழைய போட்டோ, அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

நோயாளி ஆலைக்குள் காலே வைக்காதவராகவும் இருக்கலாம். புருஷனின் வேலைத் துணியை வாசலில் உதறி, சோப்புப் போட்டு, தினமும் துவைத்த மனைவிக்கு இந்த நோய் வந்திருக்கிறது. அப்பா வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்ட பிள்ளைக்கும் வந்திருக்கிறது. இந்த வழக்குகளைச் சில மாநில நீதிமன்றங்கள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. துவைத்தவர் அம்மா என்றால் நோட்டில் அம்மாவின் கதைதான் முதலில் வர வேண்டும்.

காலவரம்பு

ஐம்பது வருடத்துக்கு முன்னால் நடந்ததுக்கு இப்போது எப்படி வழக்கு என்று கேட்பார்கள். பெரும்பாலான மாநிலங்களில் கடிகாரம் தூசு பட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை, நோய் தெரிந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓடுகிறது. ஆனால் அது வேகமாக ஓடும். டெக்சாஸிலும் இல்லினாயிலும் 2 வருடம், நியூயார்க்கில் 3 வருடம். கலிஃபோர்னியாவில் 1 வருடம்தான், அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதற்கே அங்கே தனி விதி உண்டு. இறந்த பிறகு குடும்பம் போடும் மரண வழக்குக்குத் தனிக் கடிகாரம், நியூயார்க்கில் இறந்த நாளிலிருந்து 2 வருடம்.

இப்போது குடியிருக்கும் மாநிலத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்று இல்லை. தூசு பட்ட இடம், கம்பெனி இருக்கும் இடம் இவையும் கணக்கில் வரும், எங்கே போடுவது என்பதே வக்கீலின் பெரிய முடிவுகளில் ஒன்று. அதனால் "இன்னும் ஆறு மாதம் இருக்கிறது" என்று நீங்களே கணக்குப் போட்டு உட்காராதீர்கள்.

யார் மீது வழக்கு

பொதுவாக வேலை கொடுத்த முதலாளி மீது நேரடியாக வழக்குப் போட முடியாது. அதற்குத் தொழிலாளர் நஷ்டஈடு என்ற தனி வழி இருக்கிறது, அதற்கும் தனிக் கெடு. வழக்கு அந்தப் பொருளைச் செய்தவர்கள், விற்றவர்கள், சில சமயம் அந்த இடத்துக்குச் சொந்தக்காரர்கள் மீது. போரெல் வழக்கில் 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: பொருள் தயாரிப்பவனுக்கு அந்தத் துறையின் நிபுணனுக்குத் தெரிந்ததெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், ஆபத்து இருந்தால் அதைக் கையாளும் தொழிலாளியை எச்சரிக்க வேண்டும். 1935-லேயே இந்தத் தொழிலின் பெரிய மனிதர்கள், ஆஸ்பெஸ்டாஸைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது என்று ஒருவருக்கொருவர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. போரெல் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருடம் அது.

சரி, கம்பெனி திவாலாகிவிட்டது என்றால்? ஜான்ஸ்-மேன்வில் 1982-இல் திவால் மனு போட்டது, மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போயின. திவால் சட்டத்தில் 1994-இல் 524(ஜி) என்ற பிரிவைச் சேர்த்தார்கள், அதன்படி இப்படிப்பட்ட கம்பெனிகள் நோயாளிகளுக்காகப் பணத்தை ஒதுக்கி டிரஸ்ட் வைக்கின்றன. இப்படி ஏறக்குறைய 60 டிரஸ்ட்கள் இருக்கின்றன. இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். ரிப்போர்ட்டும் அந்தக் கம்பெனியின் பொருளோடு வேலை செய்ததற்கான ஆதாரமும் காட்டி மனுப் போட வேண்டும். ஒரே ஆள் பல டிரஸ்ட்களில் போடலாம்.

ஆனால் விளம்பரத்தில் வரும் பெரிய தொகைகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஜான்ஸ்-மேன்வில் கம்பெனிக்கான மேன்வில் டிரஸ்டில் மீசோதீலியோமாவுக்கு எழுதி வைத்திருக்கும் மதிப்பு 350,000 டாலர். இனி வரப்போகும் நோயாளிகளுக்கும் பணம் மிஞ்ச வேண்டும் என்பதால் அதை முழுசாகத் தராமல், குறிப்பிட்ட சதவீதக் கணக்கில் ஒரு பகுதியைத்தான் தருவார்கள். 5.1 சதவீதம் என்று வைத்தால் கைக்கு வருவது 17,850 டாலர். சதவீதம் டிரஸ்டுக்கு டிரஸ்ட் வேறு, அவ்வப்போது மாறவும் செய்யும்.

கடற்படையில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ராணுவச் சேவையில் பட்ட பாதிப்புக்காக அரசாங்கத்தின் மீது வழக்குப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1950-லேயே சொல்லிவிட்டது. ஆனால் முன்னாள் ராணுவத்தினர் துறையில் ஊனத் தொகைக்கு மனுப் போடலாம், கப்பலுக்குச் சாமான் கொடுத்த கம்பெனிகள் மீது வழக்கும் போடலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

கூட்டு வழக்கில் பெயர் சேர்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். எல்லா நோயாளிகளையும் ஒரே ஒப்பந்தத்தில் முடிக்கப் பார்த்ததை உச்ச நீதிமன்றம் 1997-லும் 1999-லும் தள்ளிவிட்டது. அவரவர் வழக்கு அவரவருக்கு.

வக்கீல்

இணையத்தில் இந்த நோயின் பெயரைத் தட்டினாலே விளம்பரமாக வந்து விழும். அதில் ஒரு பகுதி உங்கள் விவரத்தை வாங்கி வேறு வக்கீல் அலுவலகத்துக்குக் கைமாற்றுகிற இடங்கள். அதனால் முதல் கேள்வி: "வழக்கை நடத்தப்போவது நீங்களா, வேறு யாருக்காவது அனுப்புவீர்களா?" அடுத்து, சாட்சியம் எடுக்கும் அன்றைக்கு எங்கள் பக்கத்தில் உட்காரப்போவது யார், இதுவரை மீசோதீலியோமா வழக்கை ஜூரி வரைக்கும் கொண்டு போயிருக்கிறீர்களா, எந்த மாநிலத்தில் போடுவீர்கள், ஏன் அங்கே? மாநில வக்கீல்களுக்கான பார் அமைப்பின் தளத்தில் அவருடைய உரிமத்தைச் சரிபாருங்கள். இரண்டு மூன்று பேரிடம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், ஆனால் அதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முன்பணம் யாரும் கேட்கக் கூடாது. ஜெயித்தால் அல்லது சமரசம் ஆனால் அதில் பங்கு, பொதுவாக மூன்றில் ஒரு பங்கிலிருந்து 40 சதவீதம் வரை. சதவீதத்தைவிட முக்கியமான ஒன்றை யாரும் கேட்பதில்லை: செலவைக் கழிப்பதற்கு முன்னால் பங்கா, கழித்த பின்னாலா? 100,000 டாலர் வருகிறது, செலவு 20,000, ஃபீஸ் 40 சதவீதம் என்று வையுங்கள். முன்னால் என்றால் வக்கீலுக்கு 40,000, செலவு 20,000, உங்களுக்கு 40,000. பின்னால் என்றால் மிச்சம் 80,000-இல் வக்கீலுக்கு 32,000, உங்களுக்கு 48,000. ஒரே சதவீதம், 8,000 டாலர் வித்தியாசம். தோற்றால் செலவு யார் தலையில், டிரஸ்ட் மனுவுக்கும் இதே சதவீதமா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

சாட்சியம் எடுக்கும் நாள்

மனு போட்ட பிறகு நடக்கிற எழுத்து வேலை முழுக்க வக்கீல் பாடு. நோயாளி நேரடியாகச் செய்ய வேண்டிய பெரிய வேலை டெபசிஷன்தான், அதாவது சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம். அநேகமாக வீடியோவும் எடுப்பார்கள், ஏனென்றால் விசாரணை வரும்போது அவர் இல்லாமல் போனால் ஜூரிக்கு அந்த வீடியோதான் அவர். வழக்கில் இருபது முப்பது கம்பெனிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வக்கீல் இருப்பார், ஒவ்வொருவரும் கேட்பார். அது மணிக்கணக்கில் போகும், சில வழக்கில் நாள்கணக்கிலும் போகும். கலிஃபோர்னியாவில், ஆறு மாதத்துக்கு மேல் உயிரோடு இருப்பது சந்தேகம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், எதிர்த்தரப்பின் கேள்வி நேரத்தை 7 மணி நேரத்தில் நிறுத்தச் சட்டம் இருக்கிறது. கம்பெனிகள் நிறைய இருந்தால் நீதிபதி கொஞ்சம் கூட்டலாம்.

கீமோ போட்ட மறுநாள் தேதி வைக்க விடாதீர்கள். அவருக்கு எந்த நேரத்தில் தெம்பு இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும், அதை வக்கீலிடம் சொல்லுங்கள். ஆக்சிஜன் சிலிண்டர், தண்ணீர், சாய்வதற்குத் தலையணை. மூச்சு வாங்கினால் நிறுத்தச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. "தெரியாது", "ஞாபகம் இல்லை" இரண்டும் முழுமையான பதில்கள் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள், ஏனென்றால் உதவ வேண்டும் என்ற ஆசையில் ஊகித்துச் சொல்லிவிடுவார்கள். "அந்த மூட்டையில் எச்சரிக்கை இருந்ததா?" என்று கட்டாயம் கேட்பார்கள். இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றும் கேட்பார்கள். அதற்கு யாரும் அவருக்குப் பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாது, அவர் யோசித்து அவர் சொல்லட்டும்.

அவர் தெம்பாக இருக்கும்போதே விசாரணை நடக்க வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் நீதிமன்றம் முன்னுரிமை கொடுத்தால் 120 நாளுக்குள் விசாரணைத் தேதி வைக்க வேண்டும். நியூயார்க்கிலும் மரணப் படுக்கையில் இருப்பவர்களுக்கென்று தனி வரிசை உண்டு. வக்கீல் இந்தப் பேச்சை எடுக்கவில்லை என்றால் நீங்கள் எடுங்கள்.

பணம் வரும்போது

பெரும்பாலான வழக்குகள் தீர்ப்பு வரை போகாமல் ஒவ்வொரு கம்பெனியாகச் சமரசத்தில் முடியும், பணமும் துண்டு துண்டாகத்தான் வரும். மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு, இந்த நோய்க்குச் செலவு செய்திருந்தால் அதைத் திருப்பிக் கேட்கும், தனியார் இன்ஷூரன்ஸும் கேட்கலாம். அதை யார் பேசிக் குறைப்பது என்று வக்கீலிடம் முதலிலேயே கேளுங்கள். உடல் பாதிப்புக்கான நஷ்டஈட்டுக்கு மத்திய வருமான வரி இல்லை, கம்பெனியைத் தண்டிக்க விதிக்கும் தண்டனைத் தொகைக்கும் வட்டிக்கும் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்டு மருத்துவ உதவியிலோ எஸ்.எஸ்.ஐ. பண உதவியிலோ இருப்பவர் என்றால் பணம் கணக்கில் விழுவதற்கு முன்னால் ஆலோசனை கேட்க வேண்டும், இல்லாவிட்டால் உதவி நின்றுபோகலாம். ஓய்வு வயதுக்கு முன்னாலேயே வேலையை விட வேண்டி வந்திருந்தால் சமூகப் பாதுகாப்பு ஊனத் தொகைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். நுரையீரல் சவ்வு மீசோதீலியோமாவை அவர்கள் சீக்கிரம் முடிவு சொல்லும் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

சமரசக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒன்று மட்டும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்: அவர் இறந்த பிறகு குடும்பம் போடக்கூடிய வழக்கையும் இது சேர்த்து முடித்துவிடுகிறதா என்று. சேர்த்து முடித்தால் அதற்குத் தக்க தொகையா என்று அப்புறம் பேசலாம்.

போரெல் தன் வழக்கின் விசாரணையைப் பார்க்கவில்லை. 1970 பிப்ரவரியில் வலது நுரையீரலை எடுத்தார்கள், அப்போதுதான் மீசோதீலியோமா என்று தெரிந்தது, அந்த வருடமே போய்விட்டார். மனைவி அவருடைய இடத்தில் நின்று வழக்கை நடத்தி ஜெயித்தார். நோயாளி இறந்தால் வழக்கு நின்றுவிடாது, ஆனால் அவருடைய இடத்தில் நிற்பதற்குச் சட்டப்படி ஒரு ஆள் வேண்டும். அது மனைவியா, மூத்த மகளா என்று அவரே தீர்மானித்து உயிலில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, நோட்டுப் புத்தகத்தோடு ஒரே கவரில் வைத்துவிடுங்கள்.